தண்ணி காட்டறதும் தண்ணி கட்டறதும்: பங்குக் கிணற்றுச் சண்டைக்கு எந்த வழி?

மாட்டுக்குத் தண்ணீர் வைப்பதை எங்கள் பக்கம் ‘தண்ணி காட்டறது’ என்போம். பயிருக்குப் பாய்ச்சுவது ‘தண்ணி கட்டறது’. எழுதிப் பார்த்தால் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். நிலத்தைக் காடு என்பதும் எங்கள் வழக்கம். எங்கள் காட்டுக்கும் பக்கத்துக் காட்டுக்கும் நடந்த சண்டையில் இரண்டு வீட்டாரும் இந்த இரண்டையும் ஒன்றாகவே போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். பிரித்துப் பார்த்த பிறகுதான் எந்த வழியில் போவது என்று எனக்குப் பிடிபட்டது. பங்குக் கிணற்றையும் மாட்டையும் வைத்துக்கொண்டு இதே இடத்தில் நிற்கிறவர்கள் கொங்கில் நிறையப் பேர். அவர்களுக்காகவே நாங்கள் யோசித்த வழிகளை எடை போட்டு எழுதுகிறேன்.

முதலில் நிலவரம். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் காடு. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். வேலியடைத்த மேய்ச்சல் நிலம், அசல் கொறங்காடு. மேற்கு மலையின் மழைமறைவில் கிடக்கிற பூமி. வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் பெய்துவிட்டால் எங்களுக்கு அது நல்ல வருடம். காய்ந்த புல்லைத் தின்று, நாலு வாய் தண்ணீர் குடித்து, வெயிலில் நின்று பிழைக்கிற காங்கேயம் மாடு இந்தப் பூமியில் உருவானது. எங்களிடம் கன்றுகளோடு சேர்த்து 16 உருப்படி.

பக்கத்துக் காடு பெரியப்பா வீட்டுடையது. எங்கள் அப்பாருவும், அதாவது தாத்தாவும், அவருடைய அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். 1974-இல் பாகம் பிரிந்தபோது நிலம் இரண்டாயிற்று, கிணறு மட்டும் ஒன்றாகவே நின்றது. 90 அடிக் கிணறு, பொழிக்கு, அதாவது எல்லை வரப்புக்கு, மேலேயே இருக்கிறது. ஒரு நாள் அவர்கள் முறை, ஒரு நாள் எங்கள் முறை. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டிய காலத்து ஏற்பாடு, அப்படியே மோட்டாருக்கும் வந்தது. சர்வீஸ், அதாவது மின் இணைப்பு, ஒன்றுதான், அதுவும் இன்னும் அப்பாரு பெயரில்.

சில வருடங்களுக்கு முன் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, கலப்பின மாடு வாங்கிப் பால் ஊற்ற ஆரம்பித்தார். இப்போது 22 மாடு. அதற்குத் தீவனமாக மூன்று ஏக்கர் கோ-5 கம்பு நேப்பியர் புல். பாங்குக் கடன் இருக்கிறது, காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் போக வேண்டும். அவர் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கிணற்றிலிருந்து 80 அடி தள்ளி 900 அடிக்குப் போர் போட்டார். அடுத்த ஐப்பசியில் மழைக்கு ஓடுகிற ஓடையான பள்ளத்துக்குக் குறுக்கே பொக்லைன் விட்டுக் கரையும் போட்டார். மழை பெய்தால் எங்கள் குட்டைக்கு வந்துசேர்கிற வெள்ளம் அவர் காட்டிலேயே நின்றுகொண்டது. போன சித்திரையில் எங்கள் முறை நாளன்று மோட்டார் கால் மணி நேரம் ஓடி, காற்றுப் பிடித்து நின்றுவிட்டது. மாடுகள் காலித் தொட்டியை நக்கிக்கொண்டு நின்றதைத் தம்பி போனில் சொன்னான். சொல்லிவிட்டுக் கேட்டான்: “அண்ணா, கேஸ் போட்டரலாமுங்களா?”

அதனால் கேஸிலிருந்தே தொடங்குகிறேன்.

வக்கீலைப் பார்க்கப் போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நமக்கு எல்லாம் ஒரே தண்ணீர்தான், சட்டத்துக்கு அப்படி இல்லை. எங்கள் தகராறில் மூன்று தண்ணீர் இருந்தது: போர் உறிஞ்சுகிற நிலத்தடி நீர், பங்குக் கிணற்று நீர், பள்ளத்தில் வருகிற மழை நீர். மூன்றுக்கும் மூன்று பதில்.

போர் விஷயத்தில் நம் பக்கம் பலவீனம். வக்கீல்கள் ஈஸ்மென்ட் ஆக்ட் என்று சொல்கிற 1882-ஆம் வருடத்து வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கு அடியில் திட்டமான தடம் இல்லாமல் ஊறுகிற நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள நிலக்காரனுக்கு உரிமை தருகிறது. ‘ஐம்பது வருடமாக எங்கள் கிணற்றுக்கு ஊற்று வந்ததே’ என்று அனுபவத்தைக் காட்டி அதை மறிக்கவும் வழியில்லை. அப்படிப்பட்ட நிலத்தடி நீரில் அனுபவ பாத்தியம் உண்டாகாது என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென்று 2003-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், 2013-இல் அதையும் திரும்பப் பெற்றுவிட்டார்கள். போர் போட ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி 2015-இலிருந்து இருக்கிறது. அனுமதி இல்லாமல் போட்டிருந்தால் அதைக் கேட்கலாம். கேட்டாலும் நம் கிணற்றில் தண்ணீர் ஏறப்போவதில்லை.

கிணறு அப்படி இல்லை. பாகப் பத்திரத்தில் ‘கிணற்றில் பொதுவில் சரிபாதி பாத்தியம்’ என்று இருந்தால் அது கல்வெட்டு மாதிரி. முறை நாளில் மோட்டாரை மறித்தாலோ, பைப்பைக் கழற்றினாலோ நிரந்தரத் தடை கேட்டு வழக்குப் போடலாம், அடிப்படை உறுதியாக இருக்கும். ஆனால் எங்கள் முறையை யாரும் மறிக்கவில்லை. முறை இருந்தது, தண்ணீர் இல்லை. வழக்கு போடத் துடிக்கிற நிறையப் பேர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

பள்ளம்தான் எனக்கு வியப்பாக இருந்தது. அதே 1882-ஆம் வருடத்துச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் உதாரணங்கள் வரிசையாக வருகின்றன. அதில் ஒன்று, இயற்கையான ஓடையை ஒட்டி நிலம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் குடிக்க, வீட்டு உபயோகத்துக்கு, மாடு ஆட்டுக்குக் காட்ட அந்தத் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. பாசனத்துக்கும் எடுக்கலாம், ஆனால் ஓடையை ஒட்டிய மற்றவர்களுக்குப் பெரிய பாதகம் வராதபடி எடுக்க வேண்டும். மழைக்கு மட்டும் ஓடி மற்ற நாளில் காய்ந்து கிடக்கிற ஓடையும் இந்தக் கணக்கில் ஓடைதான். தண்ணி காட்டறதையும் தண்ணி கட்டறதையும் 140 வருடத்துக்கு முன்பே பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் பிரிக்காமல் கத்திக்கொண்டிருந்தோம்.

ஆக, பள்ளத்துக் கரைக்கு எதிராக வழக்கு நிற்கும். ஒரு எச்சரிக்கை மட்டும். இருபது வருட அனுபவத்தை வைத்துப் பாத்தியம் கேட்பதாக இருந்தால், அந்த அனுபவம் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் வரைக்கும் தொடர்ந்திருக்க வேண்டும் என்பது 15-ஆம் பிரிவு. ‘போகட்டும், அடுத்த மழைக்குப் பார்த்துக்கலாம்’ என்று மூன்று மழையை விட்டால் அந்த வாதம் கையை விட்டுப் போய்விடும். சமாதானம் பேசுகிறவர்களும் இந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, சட்டம் நம் பக்கம் என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் தாய்மாமன் வீட்டில் ஒரு வண்டித்தட வழக்கு ஒன்பது வருடம் நடந்தது. ஜெயித்தார்கள். ஜெயித்த வருடம் அந்தக் காட்டில் உழவு இல்லை, மாமாவுக்கு உடம்பு முடியவில்லை, எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கும் போக முடியவில்லை. இடைக்காலத் தடை சீக்கிரம் கிடைக்கலாம், வக்கீல் கமிஷனர் வந்து கிணற்றையும் கரையையும் அளந்துவிட்டுப் போகலாம். ஆனால் ‘இருக்கிற நிலை அப்படியே தொடரட்டும்’ என்று உத்தரவானால் கரையும் அப்படியேதான் நிற்கும். மோட்டார் ரூமைப் பூட்டி ஃபியூஸைப் பிடுங்குகிற அளவுக்குப் பகை முற்றினால், ஒரே சர்வீஸில் ஓடுகிற கிணறு இரண்டு வீட்டுக்கும் இல்லாமல் போகும். வாய்தாவுக்கு வாய்தா நாம் காத்திருக்கலாம், மாடு ஒரு நாள் காத்திருக்காது. என் கணக்கில் கேஸ் என்பது கரையை எடுக்க வேறு எந்த வழியும் இல்லாதபோது, அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் போட வேண்டியது. கோபத்தில் போரையும் கிணற்றையும் சேர்த்துக் கட்டினால் பலமான வாதத்தைப் பலவீனமான வாதம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பள்ளத்துக்கு இன்னொரு கதவு உண்டு. நில அளவை வரைபடத்தை, எஃப்.எம்.பி. என்று கேட்பார்களே அதை, எடுத்துப் பாருங்கள். பள்ளம் ‘ஓடைப் புறம்போக்கு’ என்று இருந்தால் அது அரசு நிலம். அதற்குள் கரை போடுவது ஆக்கிரமிப்பு, தாசில்தாருக்கு மனு கொடுக்கலாம். 1905-ஆம் வருடத்து ஆக்கிரமிப்புச் சட்டமே இதற்குப் போதும். பட்டா நிலத்துக்குள் ஓடுகிற பள்ளமாக இருந்தால் இந்தக் கதவு திறக்காது. எங்கள் படத்தில் பாதி தூரம் புறம்போக்கு, பாதி தூரம் பெரியப்பா பட்டா. கரை எந்தப் பாதியில் என்பதற்குச் சர்வேயர் வந்துதான் சங்கிலி பிடிக்க வேண்டும். மனு எழுதி வைத்தோம், கொடுக்கவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது போர். ‘அவர் 900 போட்டாரா, நாம 1,100 போடுவோம்’ என்பது தம்பியின் இரண்டாவது யோசனை. கொங்கில் இதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். திருச்செங்கோட்டு வண்டி ஒரு போன் தூரத்தில் இருக்கிறது, ஒரே ராத்திரியில் ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கேஸ் மாதிரி வருடக்கணக்கு இல்லை, யாரிடமும் கெஞ்ச வேண்டியதும் இல்லை. அந்த நிம்மதி எனக்கும் புரிகிறது.

ஆனால் எங்கள் தரைக்கு அடியில் இருப்பது கருங்கல் பாறை. தண்ணீர் பாறையில் இருக்கிற வெடிப்புகளில்தான் நிற்கும். வெடிப்பு தட்டுப்பட்டால் உண்டு, இல்லாவிட்டால் 1,200 அடி போனாலும் புகைதான் வரும். ஆழம் போகப் போக அடிக்கான கூலியும் ஏறும். கேசிங், மோட்டார், கேபிள் எல்லாம் சேர்த்தால் சில லட்சம் போய்விடும். தண்ணீர் வந்தாலும் அது அவர் போர் உறிஞ்சுகிற அதே வெடிப்பாக இருக்கலாம். அப்போது அவர் இன்னும் இருநூறு அடி இறக்குவார். எங்கள் சுற்று வட்டாரத்தில் இப்படிப் போட்டி போட்டு இறக்கிய போர்களில் இன்று வாய் மூடிக் கிடப்பவை எத்தனையோ. நடுவில் பாழாய்ப் போனது நூறு அடிக் கிணறுகள். விவசாயத்துக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். அது இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் பண்ணயத்தை எப்போதோ விட்டிருப்போம். ஆனால் மோட்டாரை நிறுத்துவதற்கு இருந்த ஒரு காரணமும் அதோடு போய்விட்டது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

உப்பு இன்னொரு தொல்லை. ஆழத்துத் தண்ணீர் பல இடங்களில் சவரு. காங்கேயம் மாடு ஓரளவு தாங்கும், கறவை மாடு பாலைக் குறைத்துக் காட்டிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுக்காமல் மாட்டுக்கென்று போரை நம்பக் கூடாது. தண்ணீர் இருந்தும் மாட்டுக்குக் காட்ட முடியாத கொடுமையை நொய்யல் கரைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டியது, சாயக்கழிவு தேங்கி நின்றது. 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது அந்தக் கதை.

இந்த இடத்தில்தான் ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் உங்கள் கட்டுத்தரைக்குப் போட்டுப் பாருங்கள். காங்கேயம் மாட்டுக்குக் கன்றையும் சேர்த்துச் சராசரியாக நாளைக்கு 40 லிட்டரைத் தாண்டாது. எங்கள் 16 உருப்படிக்குத் தொட்டி கழுவுவதையும் சேர்த்து 700 லிட்டர் என்று வைத்துக்கொண்டேன். கலப்பினக் கறவைக்கு வெயிலில் 80 லிட்டர் ஆகும். அண்ணனின் 22 மாட்டுக்கு 1,800 லிட்டர். இரண்டு கட்டுத்தரையும் சேர்த்து 2,500 லிட்டர். மாசி கடைசியிலிருந்து வைகாசி வரை தொண்ணூறு நாளைக்கு இரண்டேகால் லட்சம் லிட்டர்.

ஒரு ஏக்கர் நேப்பியருக்கு இரண்டு அங்குலம் நிற்கிற மாதிரி ஒரே ஒரு தடவை தண்ணி கட்டினால் இரண்டு லட்சம் லிட்டர்.

இதை நான் மூன்று தடவை பெருக்கிப் பார்த்தேன். இரண்டு வீட்டு மாடும் கோடை முழுக்கக் குடிக்கிற தண்ணீர், ஒரு ஏக்கருக்கு ஒரு பாய்ச்சல் தண்ணீர். நேப்பியருக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை பாய்ச்ச வேண்டும், அவரிடம் இருப்பது மூன்று ஏக்கர். நாங்கள் மாட்டின் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம், சண்டையோ தீவனப் பயிருக்காக. மாட்டின் தாகத்துக்கு அந்தக் கிணறு சித்திரையிலும் போதும். கிணறு நன்றாக இருக்கிற நாளில் ஐந்து குதிரை மோட்டாருக்கு 2,500 லிட்டர் எடுக்கப் பத்து நிமிடம் ஆகாது. ஊறி ஊறி எடுக்கிற நாளில் அரை மணி.

இது தெரிந்ததும் மற்ற வழிகள் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன.

டிராக்டர் டேங்கர் தண்ணீர் வாங்கலாம். 5,000 லிட்டர் எங்களுக்கு ஒரு வாரம் வரும். ஒரு மாதத்தைத் தாண்ட இது சரி, வருடா வருடம் சரிவராது. அண்ணனுக்கு அது இரண்டே முக்கால் நாளைக்குத்தான் காணும்.

மாட்டைக் குறைக்கலாம். இதைப் பேசவே மனசு வரவில்லை, ஆனாலும் வழி என்று எழுத உட்கார்ந்துவிட்டதால் சொல்ல வேண்டும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி என்று அரசு அறிவித்த வருடம், ஏழு மாட்டைச் சந்தைக்கு ஓட்டினோம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட்டினால் என்ன விலை போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதில் ஒரு மயிலைக் கிடாரி எங்கள் ஆத்தா கையால் வளர்த்தது. திரும்ப அந்த வர்க்கம் எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. குறைப்பதாக இருந்தால் தை மாதமே, புல் இருக்கும்போதே, நிதானமாகக் கொடுங்கள். சித்திரையில் கொடுப்பது விற்பனை இல்லை.

மழையைப் பிடித்து வைக்கலாம். இதில் எல்லோரும் முதலில் சொல்வது பண்ணைக் குட்டை. முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர், இரண்டு மீட்டர் ஆழம் என்றால் காகிதத்தில் 18 லட்சம் லிட்டர். சரிவு விட்டு வெட்டுவதால் நிஜத்தில் அதைவிடக் குறையும். எங்கள் பூமி செம்மண்ணும் சரளையும், விரிப்பு போடாவிட்டால் தைக்குள் உறிஞ்சிவிடும். விரிப்பு போட்டாலும் கோடை வெயில் நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் குடித்தால், அந்த அளவுக் குட்டையில் 4,500 லிட்டர் போயிற்று. இரண்டு வீட்டு மாடும் சேர்ந்து குடிப்பதைவிட வெயில் அதிகம் குடிக்கும். ஆகையால் குடிநீருக்கென்று குட்டையை நம்ப வேண்டாம். ஆனால் விரிப்பு போடாத குட்டை கிணற்றுக்கு மேல்பக்கம் இருந்தால் உறிஞ்சுகிறது எல்லாம் கிணற்றுக்கு ஊறும். எங்கள் பழைய குட்டை அதைத்தான் செய்துகொண்டிருந்தது. பள்ளத்துக் கரை அதைப் பட்டினி போட்டது, கிணறு இறங்கியதற்குப் போர் மட்டும் காரணம் இல்லை. இது அண்ணனுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அவரும் அதே கிணற்றின் பாதிக்குச் சொந்தக்காரர் என்பதால், அந்தக் கரை அவர் பாதியையும் சேர்த்துத்தான் காயவைத்துக்கொண்டிருந்தது.

குடிநீருக்கு மூடிய தொட்டிதான். மாட்டுக் கொட்டாய் ஓட்டுக் கூரை ஆயிரம் சதுர அடி இருந்தால், 600 மில்லிமீட்டர் மழையில், சேதாரம் போக 44,000 லிட்டர் பிடிக்கலாம். எங்கள் மாட்டுக்கு அது இரண்டு மாதம். கோடை முழுக்கப் போதாது, ஆனால் கிணறு காற்றுப் பிடிக்கிற அந்தப் பதினைந்து இருபது நாளைத் தாண்டத் தாராளம். எங்களுக்கு 20,000 லிட்டருக்கு ஒரு சிமென்ட் தொட்டி போதும் என்று முடிவு செய்தோம். கிணற்று முறை நாளில் அதையும் நிரப்பிக்கொள்ளலாம். செலவு போரில் ஒரு சிறு பங்கு. வேறு எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதை முதலில் செய்துவிடுங்கள். தொட்டியில் பத்து நாள் தண்ணீர் இருந்தால் பேச உட்காரும்போது குரல் உயராது.

கடைசி வழி, உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வது. கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிற, யாரும் செய்யாத வழி. எங்களுக்கும் தயக்கம் இருந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை பேசி இரண்டு தடவையும் பழைய கணக்கில் போய் முடிந்திருக்கிறது. இந்தத் தடவை எழுதி வைத்த மனுவைப் பையில் வைத்துக்கொண்டு, கணக்குத் தாளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனேன். தாசில்தார் ஆபீஸில் அந்த மனு விழுந்திருந்தால் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் எனக்கு இடம் இருந்திருக்காது. அதற்காகத்தான் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

அண்ணன் கணக்கைப் பார்த்துவிட்டு நம்பவில்லை, அவரும் பெருக்கினார். பெரியம்மாதான் பேச்சைத் திருப்பினது. “பங்காளி வூட்டு மாடு தண்ணிக்கு நிக்கையில எம்பட பயிருக்குத் தண்ணி கட்டறதாச்சு? அந்தக் காலத்துல இட்டேரியில போற மாட்டுக்கே தொட்டி கட்டி வெச்சிருந்தாங்க கண்ணு.” இட்டேரி என்றால் இரண்டு வேலிக்கு நடுவில் போகிற தடம். அதற்குப் பிறகு மாட்டுத் தண்ணீரைப் பற்றி யாரும் வாதாடவில்லை. நேப்பியரைப் பற்றித்தான் வாதாடினோம், அது ஒரே நாளில் முடியவில்லை. மூன்று ஏக்கரை ஒன்றரையாக்கி மீதியில் மானாவாரிச் சோளத்தட்டு விதைக்கச் சொன்னேன். பால் குறையும் என்றார். குறையும்தான். இரண்டு ஏக்கருக்குச் சொட்டுநீர் போட்டுப் பார்க்கிறேன் என்கிறார். கரையில் நடுவே மடை வைத்து, அவர் குட்டை நிரம்புவதற்குக் காத்திராமல் பாதி வெள்ளம் கீழே வரட்டும் என்றோம், அதற்கு ஒத்துக்கொண்டார்.

பேசியதை எப்படி எழுதுவது என்பதில் ஏமாந்துவிடக் கூடாது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நாலு சாட்சிக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். அசையாச் சொத்தில் புதிதாக ஒரு பாத்தியத்தை உண்டாக்குகிற எழுத்து, மதிப்பு நூறு ரூபாயைத் தொட்டாலே பதிவாக வேண்டும் என்பது 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம். பதியாத முச்சலிக்கை இருவரும் உயிரோடு, நல்ல மனதோடு இருக்கிற வரைக்கும் செல்லும். நம் பிள்ளைகள் காலத்தில் செல்லாது. அண்ணன் மகன் பெங்களூரில் இருக்கிறான், என் மகளுக்கு இந்தப் பொழி எது என்றே தெரியாது.

பதிவுக்கு ஒரு மாற்று மக்கள் நீதிமன்றம், லோக் அதாலத். 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் வருவது. கேஸ் போடாமலேயே தாலுகாவில் இருக்கிற சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து அங்கே சமாதானம் பேசலாம், கட்டணம் இல்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு முடிவானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஏற்கெனவே வழக்கு நடத்திக்கொண்டிருப்பவர்கள் இங்கே முடித்துக்கொண்டால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அங்கே ஒன்றும் நடக்காது, அதுதான் அதன் குறை. பேச்சே நின்றுபோன வீடுகளுக்கு நான் பதிவு ஆபீஸைவிட இதைத்தான் சொல்வேன். நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பது பெரிய உதவி. நிலம் வீட்டுப் பெண்கள் பெயரில் இருந்தால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் அவர்களுக்கு இலவச வக்கீல் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்களுக்குப் பேச்சு இருந்ததால் பதிவுப் பத்திரம் போதும் என்று முடிவு. பத்திரத்தில் நான் விடாப்பிடியாக நின்றது மூன்று விஷயம். முறை நாள் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும் என்று நேரம் போட வேண்டும். மோட்டார் காயில் எரிந்தால், கிணறு தூர் எடுத்தால் செலவு யார் எவ்வளவு என்று எழுத வேண்டும். சர்வீஸை இரண்டு பேர் பெயருக்கும் மாற்றும் வரை யாரும் ஃபியூஸில் கை வைக்கக் கூடாது. தேதி போட்ட இந்தச் சின்னச் சின்ன வரிகளில்தான் பங்காளிகள் பிழைப்பது. ‘அனுசரித்துப் போவது’ என்று ஒரு வரி பத்திர எழுத்தர் எழுதியிருந்தார், அதை அடிக்கச் சொன்னேன்.

பத்திரத்தின் நான்காவது ஷரத்தை மட்டும் நானே எழுதினேன். யாருக்காவது உதவும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்:

“மேற்படி கிணற்றில் தினமும் காலை 5 மணிக்கு மோட்டார் எடுத்துவிடும் முதல் அரை மணி நேரத்து நீர், அன்றைய முறை நம்மில் யாருடையதாக இருந்தபோதிலும், 1 மற்றும் 2 லக்கமிட்டவர்களின் கால்நடைக் குடிநீர்த் தொட்டிகளுக்கு மட்டுமே விட வேண்டியது. மேற்படி தொட்டிகள் நிரம்பும் முன் எவரும் எந்தப் பயிருக்கும் நீர் பாய்ச்சக் கூடாது. நம்மில் ஒருவர் கால்நடை வைத்துக்கொள்ளாத காலத்திலும் மற்றவருடைய தொட்டிக்கு இந்த நீர் தடையின்றிப் போக வேண்டியது.”

கடைசி வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னது அண்ணன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பதிவு. மடைக்குக் கல் வந்து இறங்கிவிட்டது. நேப்பியர் இன்னும் மூன்று ஏக்கரில்தான் நிற்கிறது, அதைப் பற்றி ஐப்பசி மழைக்குப் பிறகு திரும்ப உட்காருவதாகப் பேச்சு.